ஒரு சாண் குழாய்

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு முதலாளி அறையில் இருந்தவர்கள்:

ஹெண்ட்ரா, முதலாளி. நாங்கள் கூப்பிடுவது பாஸ் என்று.

இபு ரெட்னோ, அலுவலகம். இபு என்றால் இங்கே அம்மா என்று மரியாதை. வருகைப் பதிவு, ஒப்பந்தம், எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் இந்த அம்மாள் கையில்.

யோசுவா, விளம்பரப் பலகை அச்சடிக்கிற எங்கள் மெஷினை விற்ற ஏஜென்டின் டெக்னீஷியன்.

ஜுமாரி, பகல் ஷிப்ட், பதினான்கு வருடம். சுராபாயாவில் அண்ணனை சாக் என்போம், அதனால் எல்லோருக்கும் சாக் ஜுமாரி. பெயரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள்.

டானு, இரவு ஷிப்ட், பதினோரு மாதம், ஒப்பந்த ஆள். கடிதம் எதுவும் இல்லை. அது நான்.

மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குழாயை வைத்திருந்தார்கள். நீள வாக்கில் பிளந்த குழாய். உள்ளே இருந்த சிவப்பு மை, மை மாதிரி இல்லை. கிண்ணத்தில் உறைந்த அகர் ஜெல்லி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பெனியில் மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும். அது நிரந்தர ஆட்களுக்கு. ஒப்பந்தக்காரனுக்கு ஒன்றே போதும். மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஃபைல் சுத்தமாக இருந்தால் நிரந்தரம் செய்வதாக பாஸ் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்தக் குழாய்க்காக அன்று ஒரு கடிதம் அடிக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் பெயரில் என்பதுதான் பாக்கி. என் பெயரில் என்றால் நான் வெளியே. ஜுமாரி பெயரில் என்றால் அவர் வெளியே.

குழாயை மாட்டியது நான்.

ஏன் மாட்டினேன் என்று சொல்ல வேண்டுமானால் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் மெஷின் இரண்டு கதவுகளைச் சேர்த்துப் படுக்கப்போட்ட அளவுக்கு ஒரு மேசை. அதில் பலகையோ அக்ரிலிக்கோ வைத்தால், மேலே ஒரு பெட்டி இடமும் வலமுமாக ஓடி மையைத் துப்பும். கூடவே ஓடும் யூவி விளக்கு அந்த மையை அந்த நொடியே இறுக வைக்கும். அந்த மை தானாகக் காயாது, வெளிச்சம் பட்டால்தான் இறுகும். இது தெரியாதவன் அந்த மெஷினைத் தொடக்கூடாது. எனக்குத் தெரியும்.

புட்டியிலிருந்து மை கறுப்புக் குழாய் வழியாக ஃபில்டருக்கு வரும், அங்கிருந்து ஓடும் பெட்டியில் மையைத் துப்புகிற ஹெட்டுகளுக்குப் போகும். வழியில் மிளகளவு காற்று புகுந்தால் போதும். ஹெட்டில் நாலைந்து துளைகள் மையை விடாது. ஓட்டல் பலகையில் சிரிக்கிற பெண்ணின் கன்னத்தில் பிளேடு போட்ட மாதிரி வெள்ளைக் கோடு விழும்.

காற்றை எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்து, மை வெளியேறும் வாய் மேலே இருக்கும்படி வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் ஒட்டியிருக்கும் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறும். திருகை அரைச் சுற்று தளர்த்தினால் முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான மை வரும். உடனே இறுக்க வேண்டும். அதன் பிறகு ஹெட் பக்கம் சிரிஞ்சைச் செருகி மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் இழுப்பிலேயே புதுக் குமிழி பிறக்கும். பொறுமை இருந்தால் ஒரு நிறத்துக்கு இருபது நிமிடம், அவசரப்பட்டால் ஒன்றரை மணி நேரம்.

காற்று எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். புட்டியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் மாற்றக்கூடாது என்பது பாஸின் உத்தரவு. காலிப் புட்டிகளைச் சாயங்காலம் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். அதற்காக ஜுமாரி ஒரு மரத்துண்டைச் சீவி ஆப்பு செய்து வைத்திருந்தார். அதைப் புட்டிக்கு அடியில் செருகிச் சாய்த்து, கடைசி இரண்டு ஸ்பூன் மையையும் உறிஞ்ச விடுவார். அந்த இரண்டு ஸ்பூனோடு காற்றும் ஏறும். பகலெல்லாம் ஃபில்டர் தலையில் பதுங்கியிருந்துவிட்டு, நான் ஓட்டும்போது ஹெட்டுக்கு வரும். அதைத் தள்ளி வெளியேற்ற நான் அரை தம்ளர் மையைக் கொட்டுவேன். காலிப் புட்டி பாஸ் கண்ணில் படும். கொட்டிய மை கழிவு டின்னுக்குப் போய்விடும், அதை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

நான் ஏழு மணிக்குப் போய்விடுவேன், ஜுமாரி எட்டு மணிக்கு வருவார். நேரில் பார்ப்பது மாதத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம். பேச்செல்லாம் மெஷின் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய சுருள்கம்பி நோட்டில்தான்.

'சாக், மறுபடி காத்து. ரெண்டு மணி நேரம் போச்சு' என்று எழுதினேன்.

'காத்து இலவசம்டா. அதுக்கு பாஸ் கணக்குக் கேக்க மாட்டார். ராத்திரி உனக்கு வேற என்ன வேல, பொண்டாட்டியா காத்திருக்கா?' என்று பதில் இருந்தது. கீழே ஒரு குருவிப் படம்.

அவருக்கு எல்லாமே குருவி. பின்கதவுக்குப் பக்கத்தில் துணி மூடிய கூண்டில் ஒரு பாடும் குருவியை வைத்திருந்தார். அதன் பெயர் ஜெனரல். போட்டிகளுக்குக் கொண்டுபோவார். அவருடைய முதல் கடிதம், அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியதற்கு. இரண்டாவது, போட்டிக்காக ஜெனரலின் படத்தைக் கம்பெனிப் பலகையில் ஆள் உயரத்துக்கு அடித்ததற்கு. அடிக்கவே இல்லை என்று இரண்டு நாள் சாதித்தார். மூன்றாம் நாள் இபு ரெட்னோ, அவர் அதைத் தூக்கிக்கொண்டு போகும் வாசல் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு அந்த அலுவலகத்தில் மதிப்பு இல்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் நோட்டைப் படிப்பதை விட்டுவிட்டேன். என் வரியை எழுதுவேன், அவர் வரியைப் பார்க்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மீன்தொட்டிக் கடையில் உள்ளே தெரிகிற குழாய் ஒரு சாண் வாங்கினேன். ஷிப்டில் ஃபில்டருக்கு அடுத்த இடத்தில் கறுப்புக் குழாயை வெட்டி, நடுவில் இதைச் செருகினேன். இனி காற்று போவது கண்ணுக்குத் தெரியும். புதன்கிழமை ராத்திரி வந்ததும் பார்த்தேன். மணி மாலை மாதிரி குமிழிகள் வரிசையாக நின்றன. நான் மெஷினைத் தொடுவதற்கு முன்னாலேயே. போனில் படம் எடுத்தேன், ஓரத்தில் நேரம் பதிந்தது. அன்று நோட்டில் என் வரியைக்கூட எழுதவில்லை. இன்னும் ஒருநாள் எடுத்து, வெள்ளிக்கிழமை பாஸிடம் காட்டி, ஜுமாரியின் வாயை மூடுவதாக இருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத்தான் கண்ணயர்ந்தேன். பத்தே முக்காலுக்கு இபு ரெட்னோவிடமிருந்து போன்.

"உடனே வா. மெஷின் போச்சு."

பதினோரு மாதத்தில் முதல்முறையாக எங்கள் கொட்டகையைப் பகல் வெயிலில் பார்த்தேன். கூரையில் மூன்று இடத்தில் தகரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பாஸ் போட்டது. ராத்திரியில் அது மற்றத் தகரத்தைப் போலவே கறுப்பாகத்தான் இருக்கும், நான் கிளம்பும்போதும் வெயில் கூரைக்கு ஏறியிருக்காது. இப்போது அதன் வழியே வெயில் பலகை மாதிரி இறங்கி, மெஷினின் பின்பக்கம், ஃபில்டருக்கு அடுத்த அந்த ஒரு சாண் இடத்தில் கச்சிதமாக விழுந்துகொண்டிருந்தது. அளந்து வைத்த மாதிரி.

புதன்கிழமை முழுக்க மழை, அதனால் தப்பித்தது. வியாழக்கிழமை நல்ல வெயில். அக்ரிலிக் வண்டி வரத் தாமதமானதால் எட்டிலிருந்து பத்து வரை மெஷின் சும்மா நின்றிருக்கிறது. நகராத மைமேல் இரண்டு மணி நேர வெயில். பிறகு ஓட்டியபோது இறுகிய துண்டுகள் நேராகப் போய்ச் சிவப்பு ஹெட் இரண்டையும் அடைத்துவிட்டன. ஹெட் ஒவ்வொன்றும் ஒரு புது மோட்டார்சைக்கிள் விலை.

இனி அந்த அறை.

"யாரு மாட்டினது?" என்று பாஸ் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயப்பட வேண்டும்.

ஜுமாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிய சிரிப்பு. "சொல்லுடா. பாஸ் கடிக்க மாட்டார்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் வந்தப்பவே இருந்துச்சு, பாஸ்" என்றேன்.

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. மெஷினை நிறுத்திய பிறகும் ஓடுகிற விசிறி மாதிரி கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது.

"என்னடா சொல்ற?"

யோசுவா பிளேடால் அந்தச் சிவப்பு அகரைக் குத்தினார். "கறுப்புக் குழாய் ஏன் கறுப்பா இருக்கு, சாக்? அழகுக்கா? பதினாலு வருஷமா மெஷின் ஓட்டறீங்க."

"எனக்குத் தெரியாதா? நான் ஏன்யா மாட்டப்போறேன்?"

இபு ரெட்னோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட எண்ணத்தில் பேசுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் சரியாக வைத்திருக்க நினைக்கிறவர். "உங்க குருவிக் கூண்டுல தண்ணி வர்ற குழாயும் இதே மாதிரிதானே, சாக்?"

கூண்டைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அது தானாக வந்தது. வந்ததை நான் தடுக்கவில்லை.

"இபு, இந்த ஊர்ல குருவி வளக்கறவன் எல்லாம் இதே குழாய்தான் வச்சிருக்கான்! எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்க!" ஜுமாரி பாஸ் பக்கம் திரும்பினார். "பாஸ், நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நேத்து, புதன்கிழமை. டானு, வெயில் விழும், டேப் சுத்துன்னு எழுதியிருக்கேன். கொண்டுவரச் சொல்லுங்க, பாத்துடலாம்."

"அப்ப நேத்தே பாத்திருக்க. பாத்துட்டு நீயே ஏன் சுத்தல?" என்றார் பாஸ்.

"நேத்து மழை. மாட்டினவன் சுத்தட்டும்னு விட்டேன்."

"இன்னிக்கு?"

ஜுமாரி தலையைச் சொறிந்தார். "ஜெனரலுக்கு வெட்டுக்கிளி வாங்கப் போயிட்டேன். கொஞ்சம் லேட்டு. ராத்திரியே சுத்தியிருப்பான்னு நெனச்சேன்."

யோசுவா சிரித்துவிட்டார். பாஸ் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தது நான்தான்.

"போய் அந்த நோட்ட எடுத்துட்டு வா" என்றார் என்னிடம்.

மெஷினுக்கு நாற்பது அடி. வெயில் அதற்குள் குழாய் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து தரையில் கிடந்தது. நோட்டைப் பிரித்தேன். புதன்கிழமை. பக்கம் முழுக்க அவருடைய சாய்ந்த கையெழுத்து.

'டானு, குழாய் நல்ல யோசனை. எனக்குத் தோணல. காத்து ரயில் மாதிரி போகுது, பாத்துக்கிட்டே நின்னேன். ஆனா எட்டு மணியிலேருந்து கூரை வெயில் நேரா அங்கதான் விழும். உனக்குத் தெரியாது, நீ வவ்வால். கறுப்பு டேப் சுத்திடு, பாக்கறதுக்கு விரலளவு எடம் மட்டும் விடு. டேப் என் டிராயர்ல இருக்கு. காத்து எங்கிட்டேருந்துதான் வருதுன்னு இப்பப் புரியுது. வெள்ளிக்கிழமையிலேருந்து ஆப்பு வைக்க மாட்டேன். பாஸ் கத்தினா ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்.'

கீழே குருவிப் படம். குருவிக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்.

இரண்டு முறை படித்தேன். டேப் என் கண்ணெதிரில் இருந்த டிராயரில் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், இருந்தது.

பிறகு பக்கத்தைக் கிழித்தேன். சுருள்கம்பியில் பொடிப்பொடியாகக் காகிதப் பிசிறு நின்றது. அதையும் ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தேன். காற்று எடுத்துப் பழகிய கை, பொறுமையாகத்தான் செய்தது. பக்கத்தைச் சுருட்டிக் கழிவு மை டின்னுக்குள் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினேன். நாலு நிறமும் கலந்து சேறாகிப்போன மை. எழுத்து மறைய நேரம் ஆகவில்லை.

நோட்டை பாஸ் முன்னால் வைத்தேன். "புதன்கிழமை எதுவும் இல்ல, பாஸ். செவ்வாயோட நிக்குது."

பாஸ் புரட்டினார். திங்கள் குருவி, செவ்வாய் குருவி. "படம் வரையறதுக்கா இந்த நோட்டு?"

ஜுமாரி நோட்டை வாங்கினார். கட்டைவிரலைச் சுருள்கம்பிமேல் மேலிருந்து கீழாக ஓட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் யோசுவாவின் பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எழுதினேன்" என்றார்.

"பலகை அடிக்கலன்னும் சொன்னீங்க" என்றார் இபு ரெட்னோ.

"அது பொய்தான். இது இல்ல. எழுதினேன் இபு." மூன்றாவது முறை சொன்னபோது குரல் அறையைத் தாண்டவில்லை. "எழுதினேன்."

போனில் என் படம் இருந்தது. காற்று பகலில்தான் ஏறுகிறது என்று காட்டும் படம். ஆப்பையும், பாஸின் உத்தரவையும், இரண்டு ஸ்பூன் மையையும் பற்றிப் பேசச் சரியான இடம் அதுதான். யாரும் பேசவில்லை. ஜுமாரிகூடப் பேசவில்லை. அவர் நோட்டின் கம்பியையே தடவிக்கொண்டிருந்தார்.

கடிதத்தை இபு ரெட்னோ அடித்தார். அலுவலகத்துச் சின்ன பிரின்டரிலிருந்து ஒரு கோடுகூட விழாமல் சுத்தமாக வந்தது.

யோசுவா புதுக் கறுப்புக் குழாயை மாட்டினார். ஹெட்டுகள் ஜகார்த்தாவிலிருந்து மறுநாள்தான் வரும், அதற்குள் வழியைச் சுத்தம் செய்து காற்றை எடுத்து வைக்க வேண்டும் என்றார். பாஸ் என் தோளில் கை வைத்தார்.

"ஆள் கெடைக்கற வரைக்கும் பகலும் நீ பாத்துக்க. மாசக் கடைசில உன் விஷயத்த முடிச்சிடலாம்." கீழே குனிந்து, சிவப்புப் புட்டிக்கு அடியில் இருந்த ஆப்பை நேராக்கி வைத்தார். "இது இருக்கட்டும். நல்ல வேல செஞ்சு வச்சிருக்கான்."

நான் ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜுமாரி தன் டிராயரைக் காலி செய்தார். ஒரு காப்பித் தம்ளர், ஒரு தொழுகைத் தொப்பி, வெட்டுக்கிளி டப்பா, போட்டியில் வாங்கிய கோப்பை. டேப்பை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மெஷின்மேல் வைத்தார். எனக்கு எட்டும் தூரத்தில். திருகைத் தளர்த்தினேன். நுரை வந்தது, பிறகு மை வந்தது. இறுக்கினேன்.

சாப்பாட்டு நேரம். முன்பக்க ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து ரவோன் சூப்பின் வாசனை வந்தது. பாஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"டானு, அவன்கிட்ட சாவிய வாங்கிட்டுப் பின்கதவப் பூட்டிடு."

ஜுமாரி கூண்டைக் கொக்கியிலிருந்து எடுத்தார். துணிக்குள் குருவி ஒருமுறை சிறகடித்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நேத்து ராத்திரி அதப் படிச்சியா?"

"படிக்கல."

அன்று அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

"எதப் படிக்கல?" என்றார். "புதன்கிழமை எதுவும் இல்லன்னு உள்ள சொன்னியே."

நான் சாவிக்காகக் கையை நீட்டினேன்.

"பக்கம் எங்க?"

"இங்க் டின்ல."

"கம்பிப் பிசிறு?"

"எடுத்துட்டேன்."

"அதையும் எடுத்தியா." அவர் அலுவலகப் பக்கம் பார்த்தார். தட்டுச் சத்தமும் பாஸின் சிரிப்பும் கேட்டன. "இப்பப் போய் நான் சொன்னா நம்புவாங்களா?"

"மாட்டாங்க."

"நீ வந்து சொல்லுவியா?"

மெஷினின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை அணைத்துவிட்டு வந்தேன். பின்கதவுப் பக்கம் பயங்கர வெயில். எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"காத்து எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ஆப்பு?"

"பாஸ் இருக்கட்டும்னாரு."

"அப்ப நாளைக்கு மறுபடி வரும். இனிமே யார் மேல பழி போடுவ, ராத்திரி ஆளும் நீதான், பகல் ஆளும் நீதான்." சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். வைக்கும்போது விரல் படாமல் பார்த்துக்கொண்டார். "பழகிக்கடா வவ்வாலே. முதல்ல கண்ணு கூசும்."

கூண்டை இடது கையிலும் கோப்பையை வலது கையிலுமாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். என் சாவி சட்டைப்பையில் இருந்தது. அவருடையதை வைத்தே இரண்டு சுற்றுப் பூட்டினேன்.